தேவாங்கு வெள்ளாயியின் பதிவு

வைகாசி மூன்றாம் தேதி, காலை ஏழு மணி. ஊசிமலைக் காட்டு ஆலமரத்தின் கீழ் இரண்டு பேர் காத்திருந்தார்கள். முன்னால் நரி துரைசிங்கம், பின்னால் தேவாங்கு வெள்ளாயி.

அன்று நூலகர் பதிவுக்கான தேர்வு. முன்பெல்லாம் காட்டின் ஓலை நூலகத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து, கேட்டவர்களுக்குத் தகவல் சொல்லலாம். போன கோடையில் யாரோ சொன்ன வழியில் போய், ஒரு பன்றிக் கூட்டம் சேற்றில் சிக்கியது. சொன்னது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. இந்த வைகாசித் தேர்வு முடிந்ததும், பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே அந்த இடம் என்று காட்டுச் சபை முடிவு செய்தது.

வெள்ளாயிக்கு அந்த நூலகம்தான் எல்லாம். வேறு வேலை தெரியாது.

நரி திரும்பியது. "என்னக்கா, பயமா? எதைக் கேட்டாலும் டக்குனு பதில் சொல்லு. தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி சொல்லு. அவ்வளவுதான்!"

அதைக் கேட்டதும் வெள்ளாயிக்கு, விடியற்காலையில் நூலகத்துக்கு வந்த மான் செவ்வந்தியின் நினைப்பு வந்துவிட்டது. "குட்டிகளுக்குத் தாகம். எங்கே தண்ணி இருக்கு?" என்று செவ்வந்தி கேட்டிருந்தது. தேர்வு அவசரத்தில் வெள்ளாயி ஓலையைப் பார்த்து, "பாறைக்குட்டைக்குப் போ!" என்று அனுப்பிவிட்டது. ஓலையின் மூலையில் இருக்கும் மாதத்தைப் பார்க்கவே இல்லை. அது தை மாதத்தில் தானே எழுதி வைத்த ஓலை! இந்த வெயிலில் பாறைக்குட்டையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. வழியில் நிழலும் கிடையாது.

"ஐயோ!" வெள்ளாயி தேர்வு நடத்த வந்த இருவாச்சிப் பறவையிடம் தவழ்ந்து ஓடியது. "அம்மா, தப்பான தகவல் சொல்லிட்டேன்! செவ்வந்தி குட்டிகளோட பாறைக்குட்டைக்குப் போகுது. என் காலுக்கு எட்டாது. நீங்க பறந்து போய்த் தடுங்க! மூங்கில் ஓடைக்குத் திருப்பி விடுங்க. நேத்து யானைங்க அங்கேதான் குடிச்சது."

"பரீட்சை அன்னைக்கே தன் வாயால மாட்டிக்கிட்டா பாரு!" நரி விழுந்து விழுந்து சிரித்தது.

இருவாச்சி அதற்குள் பறந்துவிட்டது. வெள்ளாயி வானத்தையே பார்த்து நின்றது. பதிவு போனால் போகட்டும், குட்டிகள் பிழைத்தால் போதும்.

வெயில் ஏறிய பிறகு சிறகுச் சத்தம் கேட்டது.

"பாதி வழியிலே பிடிச்சுட்டேன். மூணு பேரும் ஓடையிலே குடிக்கிறாங்க!"

வெள்ளாயி அப்படியே வேரின்மேல் உட்கார்ந்துவிட்டது. இப்போதுதான் மூச்சே வந்தது.

"சரி, தேர்வு ஆரம்பிக்கலாமா?" என்றது இருவாச்சி. "கேள்வி ஒண்ணுதான். சொன்னது தப்புன்னு தெரிஞ்சா என்ன செய்வே?"

"நான் தப்பே சொல்றதில்லையே!" என்றது நரி.

"அப்போ அடுத்த வருஷம் வா. வெள்ளாயி, உன்கிட்டே கேட்க வேண்டியதே இல்லை. உன் பேரைப் பதிஞ்சாச்சு. ஆனா, இனிமே மாசத்தைப் பார்க்காம வாயைத் திறக்காதே!"

"சத்தியமா, அம்மா!"

பிறருக்குத் தகவல் சொல்பவர், தவறாகச் சொன்னது தெரிந்ததும் தன் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் அதைத் திருத்த வேண்டும்.

மறு ஆண்டு வைகாசி மூன்றாம் தேதி நரியும் பதிவு பெற்றது. முந்தின நாள் பாதையில் வழி கேட்ட முயலுக்குத் தவறான வழி சொல்லிவிட்டு, பின்னாலேயே ஓடிப் போய்த் திருத்தியிருந்தது.