கடைசி இலையில் உட்கார்ந்த ராஜா

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு யோசனை தோன்றினால் குடிகள் மூட்டை கட்டத் தொடங்கிய அந்தக் காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் பக்கத்து வீட்டுக் குழம்பு மணத்தால் தன் வீட்டுச் சோறு இறங்காத சுபாவம். ஒருநாள் பட்டு விற்க வந்த வியாபாரி ஒருவன், “மகாராஜா, வெளிநாடுகளில் அரசாங்கம் நடக்கிற அழகே தனி” என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தான். அவன் பட்டை விற்றுவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தான். இங்கே ராஜாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

மறுநாளே தலைமை மந்திரி வாகீசரைக் கூப்பிட்டார். “மந்திரியாரே, நாடு நாடாகச் சென்று வாரும். எங்கெங்கே எந்த முறை சிறந்ததோ, அதை அப்படியே கொண்டு வாரும். நம் நாட்டைச் சீர்திருத்தியே தீருவது என்று முடிவு செய்துவிட்டோம்” என்றார்.

வாகீசருக்குக் கசக்குமா? பல்லக்கு என்ன, பரிவாரம் என்ன, போன இடமெல்லாம் விருந்து என்ன! மலைநாட்டுக்குப் போனார், தீவுநாட்டுக்குப் போனார், பாலைநாட்டுக்கும் போனார். எல்லா இடத்திலும் விருந்தினர் மாளிகையில் தங்கி, அந்தந்த ஊர் மந்திரிகளோடு வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டறிந்தார். போகும்போது இருந்ததைவிடக் கொஞ்சம் தொந்தியோடு திரும்பி வந்தார்.

சபையில் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். “மகாராஜா, மலைநாட்டில் எந்த நீர்நிலையின் திறவுகோலும் தலைநகரில் மந்திரி கையில்தான் இருக்கும். தீவுநாட்டில் ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஓர் அதிகாரி சோதித்து முத்திரை வைப்பார். பாலைநாட்டிலோ, தண்ணீர் போகும் வழியில் உள்ள காவலர் ஒவ்வொருவரும் ருசி பார்த்த பிறகே அடுத்தவருக்கு விடுவார். மூன்றையும் சேர்த்துவிட்டால் நம்மை மிஞ்ச ஆளில்லை. ஒரே ஒரு குறை, அந்தத் தீவுநாட்டில் கடற்கரை நெடுகச் சங்கு ஊதி ஊதி மனுஷனைத் தூங்கவே விடவில்லை.”

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா பூரித்துப்போனார். “இந்நாட்டில் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்ச் சேரவேண்டிய எதுவாயினும் இனி இம்முறைப்படியே போய்ச் சேரவேண்டும்” என்று ஆணை போட்டார். கைதட்டல் வாங்குகிற ஆசையில் வாகீசர் எழுந்து, “அரண்மனைக்கும் குடிசைக்கும் இதே சட்டம் என்றும் சேர்த்துக்கொள்ளலாமே, மகாராஜா” என்றார். சேர்த்துக்கொண்டார்கள். கைதட்டலும் கிடைத்தது.

அந்தச் சபையில் ஆனைக்கண்ணு என்று ஒரு விகடக்காரன் இருந்தான். யானைக்கு இருப்பதுபோலச் சின்னக் கண். ஆனால் அதற்குத் தப்பியது எதுவும் இல்லை. ராஜாவுக்கு அவன் மேல் கொள்ளைப் பிரியம். அதனாலேயே வாகீசருக்கு அவனைக் கண்டால் ஆகாது. அன்றைக்கு எல்லோரும் கைதட்டியபோது அவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை வாகீசர் கவனித்து வைத்துக்கொண்டார்.

இனி அந்த நாட்டுப் பெரிய ஏரியின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஏரி மதகின் பலகையைத் தூக்க ஓர் இரும்புத் திருகு உண்டு. மதகுச் சாவி என்பார்கள். அது யார் கையில் இருக்கும் தெரியுமா? ஏரிக்கரை ஓரத்துப் பெரிய பண்ணைக்காரர் கையில் இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில், கடைசி வயல் யாருடையதோ அவர் கையில் இருக்கும். முதல் வயல்காரரிடம் கொடுத்தால் தன் வயல் நிறைந்ததும் மூடிவிட்டுப் போய்விடுவார். கடைசி வயல் நிறைய வேண்டுமானால் அதற்கு முன்னால் இருக்கிற அத்தனை வயலும் நனைந்தாக வேண்டும். யார் கண்டுபிடித்த வழக்கமோ, அந்த நாட்டில் தண்ணீருக்காக மண்டை உடைந்ததே கிடையாது.

அப்போது சாவி இருளாயி என்ற குடியானவப் பெண்ணிடம் இருந்தது. புது ஆணை வந்ததும் சேவகர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் வாகீசர் மாளிகையில் வைத்துவிட்டார்கள். நெல் பால் பிடிக்கிற சமயம். தண்ணீர் வேண்டும் என்று ஊரார் விண்ணப்பம் போட்டார்கள். அது அதிகாரி அதிகாரியாக முத்திரை வாங்கி ஏறி, பிறகு அதேபோல் இறங்கி, ஒருவழியாக மதகு திறந்தது. திறந்த தண்ணீரையும் ஒவ்வொரு கிளையிலும் காவலர் நிறுத்தி, அள்ளி, கொப்பளித்து, ருசி பார்த்து விட்டார்கள். அது கடைமடைக்கு வருவதற்குள் விண்ணப்பத்தின் தவணை முடிந்து மதகு மூடிவிட்டது.

இருளாயி நேரே சபைக்கு வந்துவிட்டாள். கையில் வாடின நெற்கதிர்.

“மகாராசா, ஏரி ததும்பிக்கிட்டு நிக்குது. என் பயிரு கருகிக்கிட்டு நிக்குது. எனக்கு மட்டுமில்ல, கடைமடை சனம் அம்புட்டுப் பேருக்கும் இதே கதிதான். இன்னும் ரெண்டு மூணு நாள்ல தண்ணி வரலைன்னா எல்லாம் பதராப் போகும். நாங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதான். அந்தச் சாவியைக் குடுத்துருங்க சாமி” என்று சொல்லி அழுதாள்.

ராஜா வாகீசரைப் பார்த்தார். வாகீசர், “புதிய முறை அல்லவா, மகாராஜா? பழகப் பழகச் சரியாகிவிடும். சீர்திருத்தம் என்றால் சிலர் முணுமுணுக்கத்தான் செய்வார்கள்” என்றார்.

“பழகுவதற்குப் பயிர் இருக்குமா மந்திரியாரே?” என்று கேட்டான் ஆனைக்கண்ணு.

இந்தச் சந்தர்ப்பத்துக்காகத்தானே வாகீசர் காத்திருந்தார். “மகாராஜா, இவருக்கு எதையும் கேலி பேசத்தான் தெரியும். நாடுகள் போற்றுகிற முறையைக் குறை சொல்ல இவர் யார்? இவர் அவ்வளவு கெட்டிக்காரர் என்றால், இந்த முறையைக் குறைத்து ஒரு வார்த்தையும் பேசாமலே அது தவறு என்று நிரூபிக்கட்டும்” என்றார்.

ராஜாவுக்கு இந்த மாதிரி விளையாட்டு என்றால் உயிர். “நல்ல யோசனை! ஆனைக்கண்ணு, நாளைக்குள் நிரூபித்தால் இந்தப் பெண்ணிடம் சாவி போகும். ஆனால் முறையைக் குறைத்து ஒரு வார்த்தை பேசுபவர் யாராயினும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இது எம் ஆணை” என்றார்.

வாகீசர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் இருளாயி தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யோ, எனக்காகப் பேசப் போயி உங்க பொழப்புல மண்ணு விழுந்துருச்சே! வாயைத் தொறக்காம எப்படி சாமி நிரூபிப்பீக?”

“வாயைத் திறக்கக்கூடாதுன்னு யார் சொன்னா தாயி? வாய் நிறையப் புகழலாமே! நாளைக்கு அரண்மனைக்கு வா. வர்றப்ப உனக்குன்னு ஏதாச்சும் கட்டுச்சோறு எடுத்துட்டு வா” என்றான் அவன். பிறகு வீட்டுக்குப் போகாமல் சந்தைப் பக்கம் நடந்தான்.

மறுநாள் காலையில் ராஜாவிடம் போய், “மகாராஜா, புதிய முறையைக் கொண்டாட இன்று ஒரு விருந்து வைப்போம். ஆணையில் உள்ளபடி அரண்மனைச் சோறும் அந்த முறைப்படியே வரட்டும். இவ்வளவு உயர்ந்த முறையில் முதல் இலை என்ன, கடைசி இலை என்ன? தாங்கள் கடைசி இலையில் அமர்ந்தால் முறையின் அழகு முழுவதும் கண்ணுக்குத் தெரியும்” என்றான். ராஜாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வாகீசருக்கும் மறுக்க வழியில்லை. புகழ்ச்சியை எப்படி மறுப்பது?

பெரிய கூடத்தில் பந்தி போட்டார்கள். தலைவாசலில் முதல் இலை வாகீசருக்கு. பிறகு வரிசையாக அதிகாரிகள். கோடியில் ராஜா. அவருக்குப் பக்கத்து இலையில் இருளாயி, கூனிக் குறுகிக்கொண்டு.

இலை போட்டாயிற்று. சோறு வரவில்லை.

“ஏன் தாமதம்?” என்றார் ராஜா.

“சமையல் முடிந்துவிட்டது, மகாராஜா. மடைப்பள்ளித் திறவுகோல் மந்திரியார் மாளிகையில் இருக்கிறது. விண்ணப்பம் போயிருக்கிறது. ஆகா, என்ன கட்டுப்பாடு!” என்றான் ஆனைக்கண்ணு.

திறவுகோல் வந்தது. சோறும் வந்தது. ஒவ்வோர் அதிகாரி முன்னாலும் அண்டாவை இறக்கினார்கள். அவர் மூடியைத் திறந்து சோதித்தார், ருசி பார்த்தார், முத்திரை வைத்தார். அடுத்தவர் முத்திரையை உடைத்தார், சோதித்தார், ருசி பார்த்தார். பாவம், அவர்களும் பசியோடுதானே இருந்தார்கள்? ருசி பார்க்கும் கரண்டி போகப் போகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. நெய் மணம் கூடம் முழுக்கப் பரவிற்று. பாயசத்தில் முந்திரி மிதப்பது கோடியில் இருந்த ராஜாவுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்?

“எங்கே சோறு?” என்று ராஜா குரலை உயர்த்தினார்.

“வந்துகொண்டே இருக்கிறது, மகாராஜா! அங்கே பாருங்கள், எவ்வளவு நேர்த்தியாகச் சோதிக்கிறார்கள்! மூன்று நாட்டுப் பெருமையும் ஒரே பந்தியில்!”

ராஜா பல்லைக் கடித்தார். பக்கத்தில் திரும்பினார். இருளாயியின் இலையும் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை.

“இன்னும் கொஞ்சம் பொறுங்க மகாராசா” என்றாள் அவள், மெதுவாக. “மொதல்ல அப்படித்தான் கோவம் வரும். எங்களுக்குப் பழகிப்போச்சு.”

ராஜா அவள் இலையை இன்னொரு முறை பார்த்தார்.

கடைசியில் அண்டா வந்தது. உள்ளே அடிப்பிடித்த சோறு ஒரு கைப்பிடி, ஆறிப்போன குழம்பு ஒரு கரண்டி. பாயசப் பாத்திரத்தைக் கவிழ்த்தால் ஒரே ஒரு திராட்சை இலையில் விழுந்து உருண்டது. அதற்கும் முத்திரை வேண்டும் என்று கடைசி அதிகாரி கையை நீட்டினார்.

அவ்வளவுதான்! ராஜா துள்ளி எழுந்தார். “இது என்ன முறை? அறிவுகெட்ட முறை! முதல் இலையில் ஏப்பம் விடுகிறான், கடைசி இலையில் நான் பட்டினி கிடக்கிறேன்! சோறு இல்லாமலா போயிற்று இந்த அரண்மனையில்?”

ஆனைக்கண்ணு கைகட்டி முன்னே வந்தான். “மகாராஜா, அடியேன் காலையிலிருந்து புகழ்ந்துகொண்டுதான் இருக்கிறேன். முறையைக் குறைத்து ஒரு வார்த்தை பேசுபவர் யாராயினும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது ஆணை. இப்போது பேசியது யார் என்று மந்திரியாரிடம் கேட்டுச் சொல்லட்டுமா?”

வாகீசர் ஏப்பத்தை விழுங்கினார். ராஜா அவரைப் பார்த்தார், ஆனைக்கண்ணுவைப் பார்த்தார், இலையில் கிடந்த திராட்சையைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தொந்தி குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இருளாயி தயங்கித் தயங்கித் தன் மடியில் இருந்த கம்பஞ்சோற்று மூட்டையை அவிழ்த்து அவர் இலையில் பாதியை வைத்தாள். அவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: “ஆனைக்கண்ணு, அப்படியானால் அந்த நாட்டுக்காரர்கள் எல்லாம் முட்டாள்களா?”

“இல்லவே இல்லை, மகாராஜா. நேற்று சந்தையில் அந்த மூன்று நாட்டு வியாபாரிகளிடமும் கேட்டேன். மலைநாட்டில் பனி உருகினால் தண்ணீர் பாய்ந்து ஊரையே அடித்துக்கொண்டு போகுமாம். பள்ளத்தில் இருப்பவருக்கு மேலே வெள்ளம் வருவது தெரியாது. அதனால் மேலே தலைநகரில் ஒரே கையில் சாவி. தீவுநாட்டுக்குக் கப்பல் கப்பலாக அந்நியர் வந்து இறங்குகிறார்கள், யார் எவர் என்று தெரியாது. அதனால் முத்திரை. பாலைநாட்டில் நல்ல ஊற்று திடீரென்று உப்பாகிவிடும். அதனால் ருசி பார்க்கிறார்கள். எல்லாம் அவரவர் பட்ட பாட்டிலிருந்து வந்த புத்தி. மந்திரியார் புத்தியை எடுத்துக்கொண்டு வந்தார், பாட்டைக் கேட்காமல் விட்டுவிட்டார்.”

“அப்படியானால் பிறரைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா?” என்றார் ராஜா. அவர் குரலில் இப்போது உண்மையான கேள்வி இருந்தது.

ஆனைக்கண்ணு பதில் சொல்லுமுன் இருளாயி வாயைத் திறந்தாள். “மந்திரி சாமி, அந்தத் தீவுல சங்கு ஊதுனாகன்னு ஊரெல்லாம் பேசிக்கிறாகளே, அது எதுக்கு ஊதுறாக?”

வாகீசர் விழித்தார். தூக்கம் கெட்டது மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஆனைக்கண்ணுதான் சொன்னான்: “கப்பல் கண்ணில் பட்டதும் ஒரு காவல்காரர் ஊதுவார். அதைக் கேட்டு அடுத்தவர் ஊதுவார். அப்படியே கோடியில் நடந்தது அரண்மனைக்குத் தெரிந்துவிடும்.”

“அது எங்களுக்கு வேணுமே!” என்றாள் அவள். “சாவி எங்கிட்ட இருந்தாலும் ஏரிக்கு நடந்து போயித் தொறக்கணும், வயலு நெறைஞ்சதும் திரும்ப ஓடிப் போயி அடைக்கணும். போயிச் சேர்றதுக்குள்ள எம்புட்டுத் தண்ணி வீணாப் போகுது! கடைமடையில தண்ணி நெறைஞ்சதும் சங்கு ஊதுனா, மதகுல நிக்கிறவுக அப்பவே அடைச்சுரலாமில்ல?”

ராஜா எழுந்தார். வாகீசர் மாளிகையிலிருந்து மதகுச் சாவியைக் கொண்டுவரச் சொல்லித் தாமே அவள் கையில் கொடுத்தார். அரண்மனைச் சங்குகளோடு ஊதுகிறவர்களையும் வழிநெடுக நிற்க அனுப்பினார். சாவி கைக்கு வந்ததும் அவள் கும்பிடக்கூட நிற்கவில்லை. ஏரியைப் பார்த்து ஓடினாள்.

“உனக்கு என்ன வேண்டும், கேள்” என்றார் ராஜா ஆனைக்கண்ணுவிடம்.

“மந்திரியாரை மறுபடி நாடு சுற்றிவர அனுப்புங்கள், மகாராஜா.”

வாகீசர் முகம் மலர்ந்தது. ஒரு கணம்தான்.

“ஆனால் இம்முறை போகிற இடமெல்லாம் கடைசி இலையில் சாப்பிட்டு வரட்டும். பல்லக்கு வேண்டாம். அந்த ஊர்க் கடைமடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டு வந்து சொன்னால், அதை நானே தலையில் வைத்துக் கூத்தாடுகிறேன்.”

ராஜா மறுபடி சிரித்துத் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். அதற்குள் சமையற்காரர்கள் புதிதாக வடித்து, ஆவி பறக்கப் புது இலை போட்டுப் பரிமாறிவிட்டார்கள். ராஜா இலைமுன் உட்கார்ந்தார். கை வைக்கவில்லை.

“மகாராஜா, ஆறிவிடுமே” என்றான் ஆனைக்கண்ணு.

“ஆறட்டும்” என்றார் ராஜா. ஒரு கைப்பிடிக் கம்பஞ்சோற்றோடு மறுநாள் பொழுது விடிந்தும் அப்படியே இருந்தார். ஒவ்வொரு தடவை வந்த இலையையும் திருப்பி அனுப்பினார். அவர் சாப்பிடாததால் அதிகாரிகளும் சாப்பிடவில்லை. வாகீசருக்கு மட்டும் முந்தின நாள் பாயசம் கொஞ்சம் தாங்கிற்று.

அன்று உச்சிப்பொழுதில், வெகு தூரத்தில், ஈ முனகுவதுபோல ஒரு சங்கு கேட்டது. அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று. பிறகு இன்னும் கிட்டத்தில் ஒன்று. கடைசியில் கோட்டைச் சுவரிலேயே ஊதினார்கள்.

ராஜா இலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். “கடைமடை நனைந்துவிட்டதடா, ஆனைக்கண்ணு! போடச் சொல் சோற்றை!” என்றார்.