ஓர் அடியை முழுங்கும் பெட்டி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை, போன மழைக்காலத்தில்தான், பெரம்பூரில் ஓர் இசைக்கருவிக் கடையில் இரண்டு ஆம்ப்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. மின்சார கிட்டார் போடும் கொசுச் சத்தத்தை வாங்கி, கூரை அதிர வெளியே விடும் பெட்டிக்குத்தான் ஆம்ப் என்று பெயர். இவை இரண்டும் ஹெவி ராக் வாசிப்பவர்களுக்கென்றே பிறந்தவை. தாலாட்டு வாசித்தாலும் உறுமித்தான் பாடும்.

ஒன்றின் பெயர் பூகம்பம். நீல விளக்கு, பளபளவென்று முகம் நிறையக் குமிழ்கள். இன்னொன்றின் பெயர் முழுங்கி. அதைச் செய்தவர்கள் வைத்த பெயர் இல்லை அது, கடைக்காரர் தாஜுதீன் பாய் வைத்தது. வாங்கிப் போன மூன்று பேரும் ஒரு மாதம்கூடத் தாங்காமல் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "பாய், இது நடுவுல ஓர் அடியை முழுங்குது" என்று புகார் சொன்னார்கள். பாய் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு குறையும் இல்லை. ஆனால் வாடிக்கையாளரை மறுத்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. பெயரை எழுதி ஒட்டி ஓரமாக வைத்துவிட்டார்.

"இன்னொரு தடவை திரும்பி வந்துச்சுன்னா கழட்டிட வேண்டியதுதான். டிரான்ஸ்ஃபார்மராவது யாருக்காவது ஆகும்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். முழுங்கி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அன்றிலிருந்து அதற்கு நிம்மதி போயிற்று.

ஒரு புதன்கிழமை காலையில் கிளெண்டா வந்தாள். கல்லூரியில் படிக்கும் பெண், கிட்டார் வாசிப்பாள். சனிக்கிழமை அவள் குழுவுக்குப் போட்டி. ஒரு நல்ல ஆம்ப் வேண்டும். கடையிலேயே வாசித்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்று உட்கார்ந்தவளை பாய் விடவில்லை.

"இங்க ஒண்டியா வாசிச்சா எல்லாப் பெட்டியும் சிங்கம்தாம்மா. ரெண்டையும் எடுத்துட்டுப் போ. டிரம்மோட சேத்து வாசிச்சுப் பாரு. பிடிக்காததைத் திருப்பிக் கொடு" என்றார். அது அவர் கடை வழக்கம்.

இரண்டும் ஆட்டோவில் ஏறின. பூகம்பத்துக்கு ஒரே குஷி.

"அண்ணே, கவலைப்படாதீங்க. அந்தப் பொண்ணைப் பார்த்தா நல்ல மாதிரி தெரியுது."

"எல்லாருமே நல்ல மாதிரிதாண்டா இருந்தாங்க" என்றது முழுங்கி.

கிளெண்டா வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. டிரம் வாசிக்கும் மோசஸின் மாமா முட்டை மொத்த வியாபாரி என்பதால் அட்டைக்குப் பஞ்சமில்லை. சத்தம் வெளியே போகாது என்று அவர்கள் நம்பினார்கள். தெரு நம்பவில்லை.

முதலில் பூகம்பம். கிளெண்டா கம்பியைத் தொட்டதும் பத்துப் பேர் சேர்ந்து வாசித்த மாதிரி இருந்தது. அவர்கள் பாட்டின் உயிர் ஓர் இடத்தில் இருந்தது. ஒரே மூச்சில் கம்பியில் ஏழு அடி. கூடவே மோசஸ் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மில் ஏழு அடி. வாசித்து முடித்ததும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

"கொல்லுது!" என்றான் மோசஸ்.

பிறகு முழுங்கி. உறுமலில் அது ஒன்றும் இளைத்ததில்லை. ஆனால் ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகப் பிய்த்து வைத்தது. ஏழு அடி வந்த இடத்தில் கிளெண்டா சட்டென்று நிறுத்தினாள். பல் போன சீப்பு மாதிரி நடுவில் ஓர் ஓட்டை. மறுபடி வாசித்தாள். அதே ஓட்டை.

"அஞ்சாவது அடி வரவே மாட்டேங்குது, மோசஸ். பெட்டியில ஏதோ தகராறு."

"பேர்லயே போட்டிருக்கே!" என்று அவன் பெட்டியில் ஒட்டியிருந்த பெயரைக் காட்டினான்.

கிளெண்டா போனைத் தேடினாள். அந்த இடைவெளியில் முழுங்கி மெல்லச் சொன்னது:

"அவ ஆறுதாண்டா அடிச்சா."

"தெரியும்ணே. என்கிட்ட வாசிச்சப்பவும் ஆறுதான். நாலாவதோட வாலை இழுத்து ஆறாவதோட தலையில நான்தான் கட்டிவிட்டேன். ஓட்டை தெரியல."

"சொல்லியிருக்கலாமேடா."

"சொன்ன உங்களுக்கு என்ன ஆச்சுன்னு பக்கத்துல இருந்து பார்த்தவன்ணே நான்."

பூகம்பம் கெட்டதில்லை. திரும்பிப் போக அதற்கும் பயம், அவ்வளவுதான்.

கிளெண்டா பாயைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு டிரம் மேல் சாய்த்து வைத்தாள். "பாய், நீங்களே கேளுங்க." அவருக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்று மெதுவாக, வாயால் எண்ணிக்கொண்டே வாசித்தாள். ஏழும் வந்தன.

"ஏழு இருக்குதும்மா" என்றார் பாய்.

"இருங்க, வேகமா வாசிக்கிறேன்." வாசித்தாள். "இப்ப?"

"இப்ப ஆறு."

"பாத்தீங்களா!"

"ஆமாம்மா" என்றார் பாய், வழக்கம்போல மறுத்துப் பேசாமல்.

கிளெண்டா இன்னொரு தடவை மெதுவாக வாசித்தாள். ஏழு. கொஞ்சம் வேகம் கூட்டினாள். ஏழு. பழைய வேகத்துக்குப் போனாள். ஆறு. அதுவரை பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தவள் இப்போது தன் வலது கையைப் பார்த்தாள். முகம் காது வரை சிவந்துவிட்டது.

"மோசஸ், உனக்குத் தெரியுமா?"

அவன் குச்சியை மடியில் வைத்தான். "ரெண்டு வருஷமா என் காலுதான் ஓர் அடி அதிகமா போடுதுன்னு நெனச்சிட்டிருந்தேன். ராத்திரி பகலா பிராக்டிஸ் பண்ணியும் சரியாகலையேன்னு இருந்துச்சு."

கிளெண்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தன்னை நினைத்து வந்ததைவிட அவன் காலை நினைத்து வந்ததுதான் அதிகம்.

"சரி விடு" என்றான் மோசஸ். "பூகம்பத்தையே வச்சுக்கலாம். சனிக்கிழமை யாருக்கும் தெரியாது."

கிளெண்டா முழுங்கியிலிருந்து கிட்டார் ஒயரைப் பிடுங்கினாள். முழுங்கிக்குள் கண்ணாடி வால்வுகள் தணலாகக் கனன்றுகொண்டிருந்தன. பாயின் மேஜையும் திருப்புளியும் கண்முன் வந்தன. "போய்ட்டு வரேண்டா தம்பி" என்றது.

பூகம்பத்தின் முன்னால் கிளெண்டா குனிந்தாள். ஒயரின் முனை துளைக்குப் பக்கத்தில் போய் நின்றது. நீல விளக்கு எப்போதும்போல அழகாக எரிந்தது. அவள் ஒயரைச் செருகாமலேயே நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே, மோசஸ்" என்றாள்.

திரும்பி வந்து ஒயரை முழுங்கியிலேயே செருகினாள்.

"மூணு நாள்ல அந்த வேகம் கைக்கு வராது கிளெண்டா."

"வேகம் வேணாம். என் கையில ஏழும் விடாம வர்ற அளவுக்கு மெதுவா எண்ணு."

மோசஸ் குச்சியைத் தட்டி மெதுவாக எண்ணினான். அவளுக்கே கூச்சமாக இருந்தது, அவ்வளவு மெதுவாக. கம்பியில் ஏழு, காலில் ஏழு. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வெறும் அமைதி. அந்த அமைதிக்குள் அடி ஒவ்வொன்றும் மேலே இருந்து போட்ட கருங்கல்லாக இறங்கியது. சுவரிலிருந்து ஒரு முட்டை அட்டை பிய்ந்து விழுந்தது. இத்தனை கனமாக அந்தப் பாட்டு ஒருநாளும் கேட்டதில்லை. மோசஸ் வாயைப் பிளந்துகொண்டு, நிறுத்தாமல் கால் போட்டான்.

பூகம்பம்கூடத் தன்னை மறந்து, "அண்ணே, அண்ணே!" என்றது. முழுங்கிக்குக் காது கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கடைசி அடி ஓய்ந்தபோதுதான் போனில் பாய் இன்னும் லைனிலேயே இருப்பது கிளெண்டாவுக்குத் தெரிந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"கடையில வந்தவங்களும் நின்னு கேட்டுட்டிருக்காங்க. வாசிக்கிறது யாரும்மா?" என்றார் பாய்.

கிளெண்டா கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் பாய்."