பூச்சு நிற்காத வீடு

அந்த நெஞ்சக நோய்ப் பிரிவில் குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. குரு டாக்டர் மெஹருன்னிசா. சீடர் டாக்டர் திருமேனி. கிராமத்து ஆஸ்பத்திரிகளில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு மேல்படிப்புக்கு வந்தவர். நரைத்த மீசை கைகட்டி நிற்பதைப் பார்த்து வார்டே சிரிக்கும்.

அன்று நோயாளி சவரியப்பனை வீட்டுக்கு அனுப்ப எழுதிக்கொண்டிருந்தார் திருமேனி. சவரியப்பன் குவாரியில் கல் உடைத்தவர். நுரையீரல் முழுக்கத் தழும்பு. புது ஸ்கேனில், தழும்புக்குள்ளே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வெள்ளைத் திட்டு.

"இது என்ன?" என்றார் மெஹருன்னிசா.

"தழும்புதான் மேடம். காய்ஞ்ச இடம். அங்கே புதுசா என்ன முளைக்கும்? புற்றுன்னா நல்ல சதையில இல்ல வரணும்?"

"என் மாமியார் ஊர்ல ஒரு வீடு…"

"மாமியார் ஊரா! போன வாரம் நீங்க சொன்ன கதையில அங்கேதானே ஒரு கோழி எருமையை விழுங்கிச்சு?"

"அது பக்கத்துத் தெரு. இந்த வீட்டுச் சுவர்ல மயிரிழை விரிசல். 'ஆள் கூட்டு, சுண்ணாம்பு குழை, பூசு'ன்னு கொத்தனாருக்கு உத்தரவு போச்சு. பூசினாங்க. விரிசல் மூடிடுச்சு. ஆனா 'போதும்'னு யாரும் சொல்லலை. பூசிக்கிட்டே இருந்தாங்க. சுவர் கோயில் மதில் மாதிரி தடிச்சுது. ஜன்னலெல்லாம் அடைஞ்சு, மூச்சு விட வீட்டுக்காரர் தெருவுக்கு வந்து போனார்."

"சரி. அது தழும்பு."

"அதுல ஒரு கொத்தனுக்குப் புத்தி பிசகிடுச்சு. அந்தச் சுவருக்குள்ளேயே தனக்கு ஒரு வீடு கட்ட ஆரம்பிச்சான்."

"யார் உத்தரவு கொடுத்தது?"

"அதே உத்தரவுதான். ஆள் கூட்டு, குழை, பூசு. அதே சுண்ணாம்பு."

திருமேனி பேனாவை மூடினார்.

"பூச்சு நிக்காத வீடெல்லாம் இப்படித்தான் ஆகுமா மேடம்?"

"இல்லை. பல வீட்டுல ஆகறதில்லை."

"இந்த வீட்டுல அவனை யாரும் பார்க்கலையா? ஊருக்குக் கண் இல்லையா?"

"இருந்தது டாக்டர். சாரம் கட்டியிருக்கிற வீட்டுக்குள்ள தட்டுற சத்தம் கேட்டா, யார் எட்டிப் பார்ப்பாங்க?"

கதவருகே இருமல் கேட்டது. சவரியப்பன் பையோடு நின்றிருந்தார். "ஐயா, ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சிரலாமா?"

"இருங்கய்யா. ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் திருமேனி.

"வெறும் தழும்புன்னு சொன்னீங்களே?"

திருமேனி பையை அவர் கையிலிருந்து வாங்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்.