தலைவர் தட்டிய கண்ணாடி

காரின் பக்கக் கண்ணாடி பாதி வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்பது சட்டம். ஒன்றியத் தலைவர் கோதண்டத்துக்கோ, அது மற்றவர்களுக்கான சட்டம்.

"நான் உள்ள இருக்கிறது ஈ காக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாதுடா. கறுப்பு பிலிம் ஒட்டலேன்னா நாளைக்கு உன் கடை இருக்காது."

பிலிம் ஒட்டும் மாசிலாமணி மறுக்கவில்லை. நான்கு வருடமாகத் தொடாத கறுப்பு பிலிமை எடுத்து ஒட்டினான். உள்ளிருந்து திறக்க முடியாதபடி பின்கதவின் சைல்டு லாக்கையும் போட்டான்.

"உட்கார்ந்து பாருங்கய்யா."

தலைவர் பின்சீட்டில் ஏறியதும் கதவைச் சாத்தினான். உள்ளே அவர் தட்டினார், கத்தினார். முன்சீட்டுக்குத் தாவ உடம்பு இடம் கொடுக்கவில்லை. வெளியே லாரிகளின் இரைச்சல். அவருடைய டிரைவர் அதே கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தான்.

சற்று நேரத்தில் மாசிலாமணி கதவைத் திறந்தான்.

"நான் தட்டினது ஒருத்தனுக்கும் தெரியலையாடா?" தலைவர் வியர்வையில் நனைந்திருந்தார்.

"தெரியலைங்கய்யா. நீங்க கேட்ட பிலிம் அதுதான். நாலு வருஷம் முன்னால எம்மக, ஒளிஞ்சு விளையாடப் போயி, நான் பிலிம் ஒட்டின கார்ல மாட்டிக்கிட்டா. அவளும் இப்படித்தான் தட்டியிருப்பா. தேடிப்போன நான் அந்தக் கண்ணாடியில என் முகத்தைத்தான் பார்த்தேன். பார்த்துட்டு, அடுத்த தெருவுக்கு ஓடினேன்."

தலைவர் பிலிமின் ஓரத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.

"மேலேருந்து உரிக்கணுங்கய்யா," என்று மாசிலாமணியும் கை கொடுத்தான்.