என் பிள்ளை எனக்கு முன்னே எழுந்துவிடும்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று நடந்துவந்தது. எழுத்து, கணக்கு எதுவும் அங்கே கிடையாது. ஆபத்து வருகிற சத்தம் கேட்டவுடன் எழுந்து ஓட வேண்டும் என்பதுதான் அங்கே ஒரே பாடம். அதைச் சொல்லிக்கொடுத்தது ஆள்காட்டிக் குருவி. ஒரு சருகு அசைந்தாலும் கத்திக் காட்டையே கூட்டுகிற பறவை அது. தூக்கம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அதில் அதற்கு ரொம்பப் பெருமை.

அந்தப் பள்ளியில் துள்ளி என்று ஒரு மான்குட்டி படித்தது. அதை விட்டால் அம்மா மானுக்கு வேறு பிள்ளை இல்லை. "என் பிள்ளை பொறந்த அன்னிக்கே நாலு கால்ல நின்னவன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்ளும். எல்லா மான்குட்டியும் அன்றைக்கேதான் நிற்கும். ஆனால் அதை அம்மா மானிடம் யார் போய்ச் சொல்வது? நாலு பேர் தன் பிள்ளையை மெச்ச வேண்டும், அதற்கு அவ்வளவுதான் வேண்டும்.

கோடை விடுமுறை வந்தது. வெயில் காலத்தில் இலுப்பை மரம் பூக்கும். இருட்டிய பிறகுதான் அந்தப் பூ பொத்துப் பொத்தென்று உதிரும். வெல்லமாய் இனிக்கிற அந்தப் பூவுக்காகக் காட்டுக் குட்டிகள் எல்லாம் விடியவிடிய விழித்துக் கிடந்தன. வெயில் முதுகைச் சுட்ட பிறகுதான் எழுந்தன.

"பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. இன்னிக்காவது சீக்கிரம் தூங்கணும்" என்று அம்மா மான் சொல்லும்.

"நாளையிலேர்ந்தும்மா" என்று துள்ளி சொல்லும்.

அதற்குள் ஒரு பூ விழுகிற சத்தம் கேட்கும். அம்மாவுக்கே கால் நிற்காது. சரி, நாளையிலிருந்து என்று இரண்டும் ஒத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடும்.

முதல் மழை பெய்தது. பூ முடிந்தது. பள்ளி திறந்தது.

போன வருஷம் வரைக்கும் புல்லில் ஈரம் காய்ந்த பிறகுதான் பாடம் தொடங்கும். இந்த வருஷம் ஆள்காட்டி புதிதாக ஒரு சட்டம் போட்டது. "ஆத்துக்கு அக்கரையில சூரியன் வரும்போதே பாடம் ஆரம்பிக்கிறாங்களாம். நாம சூரியனுக்கு முன்னாடியே ஆரம்பிப்போம்" என்றது. பெற்றோர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அக்கரைக்காரர்களைவிட ஒரு படி மேலே இருப்பது யாருக்குத்தான் கசக்கும்?

பள்ளி திறந்த நாளிலிருந்து அம்மா மானுக்குக் காலை நேரம் என்றாலே போராட்டம்தான். முகத்தை நக்கும். மூக்கால் தள்ளும். காதைப் பிடித்து இழுக்கும்.

"எழுந்திருடா கண்ணு."

"இன்னும் கொஞ்ச நேரம்மா."

வழியெல்லாம் குட்டியின் கால்கள் நடக்கும், கண் மூடியே இருக்கும். ஒரு நாள் நடந்துகொண்டே அது சொன்னது: "அம்மா, வாத்தியார் கத்துறது எனக்குக் கேக்கவே மாட்டேங்குது."

"கவனிச்சாக் கேக்கும்."

"கவனிக்கிறேம்மா. கொஞ்ச நேரம் கேக்குது. அப்புறம் காணாமப் போயிடுது."

அம்மா மானுக்குச் சுருக்கென்றது. மாலையில் சீக்கிரமே படுக்கவைத்துப் பார்த்தது. கோடை முழுக்க விழித்துப் பழகிய கண், சொன்னவுடன் மூடுமா? துள்ளி இருட்டில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தது.

மறுநாள் வழியில் முயலம்மா எதிரே வந்தது. "தங்கச்சி, உன் பிள்ளை காலையில ஒழுங்கா எழுந்துக்கிறானா?" என்று அம்மா மான் மெதுவாகக் கேட்டது.

"அதை ஏன் கேக்கறீங்கக்கா. எனக்கு முன்னாடி எழுந்து முகம் கழுவிட்டு உக்காந்திருக்கான். உங்க துள்ளி எப்படி?"

"துள்ளியா? அவன்தான் என்னையே எழுப்புறான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அம்மா மானுக்கே தெரிந்தது. அப்போ நம் பிள்ளை மட்டும்தான் இப்படியா என்று நினைத்தபோது அழுகை வந்தது. அன்றைக்குத் துள்ளியைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டியது.

சில நாள் கழித்துக் குளத்தங்கரையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஆள்காட்டியைச் சும்மா சொல்லக்கூடாது, அது வாய்விட்டே கேட்டது. "பிள்ளைங்களுக்கு இந்த நேரம் சிரமமா இருக்கா? இருந்தாச் சொல்லுங்க. பழைய நேரத்துக்கே மாத்திடலாம்."

அம்மா மான் சொல்லிவிட வாயைத் திறந்தது. முயலம்மாவைப் பார்த்தது. முயலம்மாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. காட்டுப்பன்றி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க துள்ளிக்கு ஒரு சிரமமும் இல்ல வாத்தியாரய்யா" என்றது அம்மா மான்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க" என்றது முயலம்மா.

"ம்ம்" என்றது பன்றி.

ஆள்காட்டிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அப்படின்னா நாளையிலேர்ந்து இன்னும் கொஞ்சம் முன்னாடியே அனுப்பிவிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

விடியலுக்குச் சற்று முன்புதான் செந்நாய்கள் இரை தேடிக் கிளம்பும். இது காட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அக்கரையை ஜெயிக்கிற அவசரத்தில் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாளும் அம்மா மான் துள்ளியை இழுத்துக்கொண்டு வந்து பள்ளியில் விட்டது. "முன்னாடி நில்லு. அப்பத்தான் தூக்கம் வராது" என்று சொல்லி முதல் வரிசையில் நிறுத்திவிட்டு, மேட்டில் புல் மேயப் போனது.

வெளிச்சம் பரவத் தொடங்கியபோது ஆள்காட்டி கத்தியது. அது பாடத்துக்குக் கத்துகிற கத்தல் இல்லை. அம்மா மான் தலையை நிமிர்த்தியது. மேட்டிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் முழுவதும் தெரியும்.

முயல்குட்டி புல்லுக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பன்றிக்குட்டி ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடமே தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால் துள்ளி நின்றபடியே கண் மூடி இருந்தது. ஆள்காட்டி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியும் அதன் ஒரு காதுகூட அசையவில்லை.

புதரிலிருந்து செந்நாய்கள் வந்தன. முன்னால் நின்றதைப் பிடித்தன.

அப்போதுதான் துள்ளி விழித்துக்கொண்டு, "அம்மா" என்றது. அந்தக் குரலில்தான் மற்றக் குட்டிகள் திடுக்கிட்டு எழுந்து ஓடின. அம்மா மான் வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடியது. ஆனாலும் போய்ச் சேர முடியவில்லை.

வெயில் ஏறிய பிறகு எல்லாரும் வந்து கூடினார்கள். ஆள்காட்டிக்குக் குரலே போய்விட்டிருந்தது. "நான் கேட்டேனே. சிரமம்னு ஒருத்தர்கூடச் சொல்லலியே" என்று கீச்சிட்டது.

முயலம்மா மெல்ல அம்மா மானிடம் நகர்ந்து வந்தது. "அக்கா, என் பிள்ளை ஒரு நாளும் தானா எழுந்ததில்ல. அரைத் தூக்கத்துலதான் இழுத்துட்டு வருவேன். கூட்டத்துல நீங்க முதல்ல சொல்லுவீங்க, நானும் சொல்லிடலாம்னு உங்க வாயையே பார்த்துட்டிருந்தேன்."

"நான் உன் வாயைப் பார்த்துட்டிருந்தேன்" என்றது அம்மா மான்.

இப்போது அந்தக் காட்டில் ஈரம் காய்ந்த பிறகுதான் பள்ளி தொடங்குகிறது. குட்டிகள் தூங்கி எழுந்து தெளிவாக வருகின்றன. ஆள்காட்டி ஒரு முறை கத்தினாலே போதும், நாலா பக்கமும் பறந்துவிடுகின்றன. நல்ல ஏற்பாடு என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள்.

அம்மா மானுக்கு மட்டும் இன்றைக்கும் அந்த இருட்டு நேரத்திலேயே விழிப்பு வந்துவிடுகிறது. பழக்கத்தில் பக்கத்துப் புல்லை மூக்கால் தடவுகிறது. துள்ளி படுத்திருந்த இடத்தில் புல் இன்னும் நிமிரவில்லை.

"தூங்குடா கண்ணு. இன்னும் நேரம் இருக்கு" என்று அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, விடிகிற வரைக்கும் அப்படியே படுத்திருக்கிறது.

நீதி: பிள்ளைக்கு முடியவில்லை என்றால் முடியவில்லை என்று முதலில் நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நம் வெட்கத்துக்குப் பலியாவது பிள்ளைதான்.