பாலாமைச் சட்டி

கண்மாய்ச் சேற்றில் ஓர் ஆமை கிடக்குமே, வெளுத்த வயிறும் தொட்டால் தலை கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்து மூடிக்கொள்கிற பயமுமாக, அதை உங்கள் ஊரில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? வேலங்குளத்தில் அதற்குப் பாலாமை என்று பேர். பிள்ளை பெற்றவள் அதைச் சாறு வைத்துக் குடித்தால் பால் ஊறும், பேரிலேயே இருக்கிறதே என்பது அந்த ஊர்ப் பெண்களின் தீர்ப்பு. இந்தக் கதை அந்தப் பேரால் வந்தது. கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்கள், கடைசியில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அழகுமீனாள் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். மூன்று மாதப் பிள்ளையோடு தாய்வீட்டிலிருந்து திரும்பிப் பத்து நாள் ஆகிறது. பிள்ளை பொழுது சாயும் நேரத்தில் மட்டும் வீல் வீல் என்று அழுதது. மாமியார் ஆராயிக்கு அது போதும். "பால் பத்தலை" என்று சொல்லிவிட்டாள். மகன் சோணைமுத்துவைக் கூப்பிட்டு, "கண்மாய் அழியிற அன்னைக்கு எனக்கு ஒரு பாலாமை கொண்டாந்து வெட்டிக் குடுத்துடு" என்றாள். அவனும் சரியென்று வாக்குக் கொடுத்தான்.

கண்மாய் அழிகிற நாள் என்றால் தண்ணீர் வற்றி ஊரே இறங்கி மீன் பிடிக்கிற நாள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசியதும், மீனை அமுக்கிப் பிடிக்கிற அடி திறந்த மூங்கில் கூடைகளான ஊத்தாக்களோடு எல்லாரும் சேற்றில் பாய்வார்கள். என் ஊத்தாவுக்குள் அகப்பட்டது எனக்கு, உன்னுடையதில் அகப்பட்டது உனக்கு. அதில் பேச்சே கிடையாது. சோணைமுத்து ஐந்து விரால் பிடித்தான். முதல் விராலை, வருசா வருசம் செய்கிற மாதிரியே, பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்து, "ஆத்தா, இந்தா" என்றான். பெற்றவளை அம்மா என்றும் பஞ்சவர்ணத்தை ஆத்தா என்றும் கூப்பிடுவது அவன் வழக்கம். ஆறாவது முறை ஊத்தாவை அமுக்கியபோது உள்ளே இருந்தது பாலாமை.

உச்சி வெயிலில் அதை அண்டாத் தண்ணீரில் போட்டு முற்றத்தில் வைத்தான். ஆராயி மிளகு சீரகம் அரைத்துவிட்டுச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். மீனாள் கொடியில் பிள்ளையின் ஈரத்துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பதினோராவது துணி.

"நான் குடிக்க மாட்டேன் அத்தை" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"ஏன்டி? நான் குடிக்கலையா? இவனைப் பெத்தப்ப மூணு நாள் குடிச்சேன். பாலாமைன்னு பெரியவங்க சும்மாவா பேரு வச்சாங்க?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்க ஊர்ல இதுக்குச் சேத்தாமைன்னு பேரு. அங்க எவளும் தின்னதில்ல. தின்னா என்ன, சேறா ஊறும்?"

இருவருக்கும் நடுவே திண்டாடிப்போன சோணைமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு அரிவாளைத் தீட்டுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

"வாய் நீளம்டி உனக்கு!"

"எருக்கஞ்செடியை ஒடிச்சா வடியுறதும் பால்தான். பேருக்காகத்தான் குடிக்கணும்னா அதையும் ஒரு டம்ளர் கொண்டாங்க அத்தை. வயிறு வெள்ளையா இருக்கு, அதனால பாலாமை. அதுக்கு மேல அந்தப் பேருல ஒண்ணுமில்ல."

"சோணை, நீ குடுத்த வாக்கு என்னடா ஆச்சு? வெட்டுடா!"

சோணைமுத்து எழுந்தான். மீனாள் பிள்ளையைத் தூக்கி ஆராயியின் மடியில் போட்டாள். பிள்ளை மடியில் இருக்கிறபோது மாமியாரால் எழுந்து வரமுடியாது, அது அவளுக்குத் தெரியும். அண்டாவை இடுப்பில் ஏற்றினாள். வாசற்படியில் கணவன் அரிவாளோடு நின்றான்.

"தள்ளுங்க."

அவன் அரிவாளைத் தாழ்த்தினான். ஒதுங்கினான்.

ஊரே பார்க்க மீனாள் நடந்தாள். "ஏத்தா, சாறு குடிக்கிறவ அண்டாவோட எங்க போற?" என்று கரையில் ஒருத்தி கேட்டதற்கு, "விருந்தாளியை வீட்டுல விடப் போறேன்" என்றாள். மடையோரம் முழங்கால் அளவு தண்ணீர் மிச்சம் இருந்தது. அண்டாவைச் சாய்த்தாள். ஆமை கொஞ்ச நேரம் கல் மாதிரி கிடந்தது. பிறகு மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுச் சேற்றுக்குள் போய்விட்டது.

இப்போது சொல்லுங்கள். பேரப்பிள்ளை பசியாறட்டும் என்று சட்டி வைத்தவள் ஆராயி. தாய்க்குக் கொடுத்த வாக்கை வாசற்படியிலேயே விட்டவன் சோணைமுத்து. புருசன் வெயிலில் நின்று பிடித்ததைக் கேட்காமல் கொண்டுபோய் விட்டவள் அழகுமீனாள். மூவரில் யார் செய்தது சரி?

யோசித்தீர்களா? மீனாள் செய்ததுதான் சரி. ஊத்தாவில் விழுந்த ஆமை சோணைமுத்துவுக்குச் சொந்தம், பொண்டாட்டியின் வாய் அந்த ஊத்தாவில் விழவில்லை. உச்சிப்பொழுதுக்குள் பதினொரு துணி நனைக்கிற பிள்ளைக்குப் பால் பத்தாமல் போகுமா? அழுகிற பிள்ளையெல்லாம் பசிக்கு அழுவதில்லை. சரி, பஞ்சவர்ணத்துக்கு ஏன் முதல் விரால்? சோணைமுத்துவுக்குப் பால் கொடுத்து வளர்த்தது அவள்தான். மூன்று நாள் சாறு குடித்தும் ஆராயிக்கு ஒரு சொட்டு ஊறவில்லை. அந்தப் பேரில் ஒன்றுமில்லை என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் ஆராயிதான். தெரிந்தும் சட்டி வைத்தாள், பயம் அப்படி.

மீனாள் காலி அண்டாவோடு திரும்பியபோது அடுப்பு அணைந்திருந்தது. பிள்ளை ஆராயியின் மடியிலேயே தூங்கிவிட்டது. பன்னிரண்டாவது துணியும் நனைந்திருந்தது. ஆராயி தலை நிமிராமல் சொன்னாள்: "அழுத பிள்ளையை அடுத்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன்டி நான், ஒரு நாள் ரெண்டு நாளில்ல. உனக்கும் அப்படி ஆயிடுமோன்னுதான்... இனிமே எவளுக்காவது நான் அந்தப் பேரைச் சொல்லிச் சட்டி வச்சா, இதே மாதிரி வந்து தூக்கிட்டுப் போயிடு தாயி."