தெற்கு வாசல் கூண்டு

விகடகவி வேம்பையனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் தெற்கு வாசல் கூண்டைப் பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்படிச் சிரித்தால் பிடித்து உள்ளே போடுவார்கள் ஐயா" என்றேன்.

"பிடிக்கிறவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்களே" என்றார்.

அது பழைய கதை. மல்லையூர் அரண்மனையில் யாழ் வாசித்த பொன்னரசிக்கு அப்போது பதினேழு வயது. தாய் இறந்தபின் தனக்குத்தானே பேசுவாள். பாதிப் பாட்டில் அழுவாள். அவள் வயதுப் பிள்ளைகளே பைத்தியம் என்று கூப்பிட்டார்கள். அவளை மனதில் வைத்து மந்திரி அம்பலவாணர் அரசரிடம் ஓர் ஆணை வாங்கினார். விசித்திரமாக நடப்பவர் எவரானாலும் கூண்டில் அடைத்து, மாலையில் எல்லைக்கு வெளியே விட வேண்டும்.

சபையில் வேம்பையன் எழுந்தார். "நல்ல ஆணை, பிரபு. ஆனால் நம் காவலர்கள் முகம் பார்ப்பார்கள். குதிரை விற்கக் கப்பலில் வந்தவர்களைக் காவலுக்கு வைப்போம். அவர்களுக்கு நம் பேச்சு தெரியும். இங்கே மாமன் மச்சான் கிடையாது."

"அதுதான் நியாயம்" என்றார் அரசர்.

மறுநாள் காலை மந்திரி வாசலுக்கு வந்தார். பல்லி சொல்லியது. மந்திரி நின்று, சுவரை விரலால் தட்டி, ஏதோ முணுமுணுத்தார்.

"யாரோடு பேசுகிறீர்?" என்றான் புதுக் காவலன்.

"பல்லி சொன்னதே, கேட்கவில்லையா?"

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மந்திரி கூண்டுக்குள் போனார்.

அடுத்து தளபதி. குதிரையின் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். கண்பட்டுவிடும் என்று காரணம் சொன்னார். அவரும் உள்ளே.

பிறகு வேட்டை உடையில் அரசர். பின்னால் ஒருவன் தும்மினான். அரசர் குதிரையிலிருந்து இறங்கி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி ஏறினார்.

"தும்மியது அவன். தண்ணீர் உமக்கா?"

"டேய், நான் அரசன்."

"ரொம்ப நல்லது. உள்ளே ஒருவர் மந்திரி என்கிறார். பேச்சுத்துணை ஆச்சு."

கடைசியில் பொன்னரசி அழுதுகொண்டே வந்தாள்.

"ஏன் அழுகிறாய்?"

"அம்மா ஞாபகம்."

"எனக்கும் வரும். போ தாயே."

வேம்பையன் கூண்டருகே வந்து பணிவாக நின்றார். "பிரபு, பொழுது சாய்கிறது. எல்லைக்கு வண்டி கட்டச் சொல்லட்டுமா? மந்திரியார் ஓரத்தில் உட்கார்ந்தால் மூவருக்கும் இடம் இருக்கும்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆணை செல்லாது. உனக்கு என்ன வேண்டும், கேள்."

"பொன்னரசியிடம் வைத்தியரை அனுப்புங்கள். கூட உட்கார்ந்து கேட்க ஒரு தோழியும் வேண்டும். காரணம் தெரியாமல் அவள் அழும் நாளிலும் அவர்கள் வர வேண்டும்."

இப்போது வேம்பையனும் போய்விட்டார். கூண்டு தெற்கு வாசலில்தான் இருக்கிறது. கதவு இல்லை. உள்ளே கோழிகள் அடைகாக்கின்றன.